ஆராய்ச்சி மணியை அடிக்காத பறவை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில், மழை பெய்தாலும் மின்சாரம் நின்றாலும், பத்துப்பேர் வந்தாலும் நூறுபேர் வந்தாலும் கூட்டம் நடந்தே தீரும் என்ற உறுதியால் வளர்ந்தது இவ்வட்டம். அதன் தொடக்கக் காலம் முதல் உடன் வந்தவள் என்ற உரிமையோடு உங்கள் முன் நிற்கின்றேன்.

விழாக்குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'இலக்கியத்தில் உயிரிரக்கம்'. இத்தலைப்பில் பேசுவது தமிழாசிரியர்க்கு மிக எளிது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, மயிலுக்குப் போர்வை அளித்த பேகன், புறாவிற்காகத் தன்னையே தந்த சிபி, பயிர் வாடக் கண்டு வருந்திய வள்ளலார் என அடுக்கிக்கொண்டே சென்றால் ஒரு மணி நேரம் ஓடிவிடும், கைதட்டலும் கிடைக்கும். நானும் பல மேடைகளில் அவ்வாறு பேசியிருக்கின்றேன். இன்று அவ்வாறு பேச மனம் ஒப்பவில்லை. இப்பெருமைகளை நாம் மேடைதோறும் முழங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் தலைக்குமேல் வட்டமிட்ட ஒரு பறவையினம் நம்மாலேயே பெரும்பாலும் அழிந்துபோயிற்று. நாம் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பறவையைப் பற்றியும், அதன் அழிவில் நமக்குள்ள பொறுப்பைப் பற்றியும் மட்டுமே இன்று பேசவிருக்கின்றேன். அப்பறவை பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் வழங்குகின்றோமே, அதுதான்.

'ஒருவகைப் பறவை'

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். போர்க்களத்தைப் பாடும் ஒரு பாடலில் பாறு என்ற சொல் வந்தது. 'பாறு என்பது ஒருவகைப் பறவை' என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றேன். முதல் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, எந்த வகைப் பறவை? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னுடனேயே வந்தது.

நம் உரை நூல்களையும் அரும்பத விளக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். 'ஒருவகை மரம்', 'ஒருவகைப் பூ', 'ஒருவகை மீன்', 'ஒருவகைப் பறவை' என்ற விளக்கங்கள் எத்தனை! சங்கப் புலவன் கண்ணால் கண்டு பெயரிட்டு, அதன் அலகையும் கழுத்தையும் சிறகையும் அறிந்து பாடிய உயிரை, நாம் 'ஒருவகை' என்னும் ஒரு சொல்லில் அடக்கம் செய்துவிட்டோம். ஓர் உயிரினம் வானத்திலிருந்து மறைவதற்கு முன்னர் அகராதியில் மறைந்துவிடுகின்றது என்று எனக்குத் தோன்றிற்று.

பண்டைத் தமிழர்க்கு அது 'ஒருவகை'யாக இருந்ததில்லை. பாறு, எருவை, கழுகு, பருந்து என வேறுவேறு பெயர்கள் அவர்களிடம் இருந்தன. பாலைத்திணையின் கருப்பொருள்களுள் எருவையும் கழுகும் இடம்பெறும். நீரற்ற வழியில் மாண்டவரின் உடலருகே இறங்கும் பறவையைக் காட்டித்தான் பிரிந்து சென்ற தலைவன் கடக்கும் வழியின் கொடுமையைத் தலைவியின் நெஞ்சிற்கு உணர்த்தினர் புலவர்கள். கம்பரோ கழுகின் வேந்தனாகிய சடாயுவை மாந்தர் எவர்க்கும் குறையாத பெருமையோடு படைத்தார். சிறகிழந்து வீழ்ந்தும், செய்தி சொல்லும் அளவிற்கு உயிரைப் பிடித்து வைத்திருந்த அப்பறவைக்கு, இராமன் மகன் நிலையில் நின்று இறுதிக்கடன் செய்தான். புள்ளிருக்குவேளூரில் சடாயு வழிபட்டான் என்று போற்றி, அவன் பெயரால் குண்டம் வைத்திருக்கும் நாடு இது.

திருக்கழுக்குன்றத்து நண்பகல்

மாணவியின் கேள்விக்கு விடை என் நினைவிலேயே இருந்தது. நான் பாறைப் பார்த்திருக்கின்றேன்.

1988ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது. பாட்டியின் கைபிடித்துத் திருக்கழுக்குன்றத்து மலையில் ஏறினேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். நண்பகல் வெயிலில் பாறைமீது மக்கள் கூட்டம் அமர்ந்திருந்தது. பூசகர் ஒருவர் சர்க்கரைப் பொங்கல் இருந்த பாத்திரத்துடன் காத்திருந்தார். வானத்தில் இரண்டு புள்ளிகள் தோன்றின; பெரிதாயின; வெண்ணிறச் சிறகும் கருநிற ஓரமும் மஞ்சள் முகமுமாக இரண்டு பறவைகள் இறங்கின. கூட்டம் கைகூப்பிற்று. காசியில் நீராடி, இங்கே உணவருந்தி, இராமேசுவரத்தில் வழிபட்டுச் செல்லும் முனிவர்கள் அவர்கள் என்று பாட்டி என் காதில் சொன்னாள். அவை உண்டு, அலகைப் பாறையில் தீட்டிவிட்டுப் பறந்தன. அவ்வளவுதான்.

பட்சி தீர்த்தம் என்ற பெயரே அப்பறவைகளால் வந்தது. பல தலைமுறைகளாக நண்பகல்தோறும் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அவ்வருகை, 1990களின் இறுதிக்குப் பின் நிகழவில்லை. மஞ்சள்முகப் பாறு என்று இன்று அழைக்கப்படும் அவ்வினமும் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கின்றது. பறவைகள் வாராமையை ஊரார் கலிகாலத்தின் குற்றம் என்றனர். கலிகாலத்திற்கு அறிவியலில் வேறொரு பெயர் உண்டு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

நிகழ்ந்தது என்ன?

1980களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. வெண்முதுகுப் பாறு உலகிலேயே மிகுந்த எண்ணிக்கையில் வாழ்ந்த பெரிய ஊனுண்ணிப் பறவையாகக் கருதப்பட்டது. ஊருக்கு வெளியே எறியப்படும் மாட்டின் உடலைப் பாறுக் கூட்டம் ஒரு மணி நேரத்திற்குள் எலும்பாக்கிவிடும். அடைப்பான் போன்ற கொடுநோயால் மாண்ட விலங்கின் உடலையும் அது தீங்கின்றிச் செரிக்கும். அதன் இரைப்பை அமிலம் அத்துணை வலியது. ஊதியம் கேளாத, விடுப்பு எடுக்காத தூய்மைப் பணி அது.

இராசத்தானத்தின் பரத்பூர் பறவைகள் காப்பகத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்னும் ஆய்வாளர் 1980களின் பிற்பகுதியில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாறுக் கூடுகளை எண்ணியிருந்தார். 1996இல் அவர் மீண்டும் எண்ணியபோது ஏறத்தாழப் பாதியே இருந்தன. மரக்கிளைகளில் கழுத்துத் தொங்கியபடி அமர்ந்திருந்த பறவைகளையும், கிளைகளிலேயே மாண்டு தொங்கிய பறவைகளையும் அவர் கண்டார். சில ஆண்டுகளில் அங்கே கூடுகளே இல்லாது போயின. 1992க்கும் 2007க்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறின் எண்ணிக்கை நூற்றுக்கு 99.9 விழுக்காடு வீழ்ந்ததெனக் கணக்கிடப்பட்டது. ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று எஞ்சியது என்று பொருள். கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய உறவினமும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் அழிந்தன.

தொற்றுநோயாக இருக்கலாம் என்றே முதலில் பலரும் எண்ணினர். பாகிசுத்தானில் இறந்த பாறுகளை ஆய்ந்த இலிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2004இல் உண்மையை வெளியிட்டனர். இறந்த பறவைகளின் உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. அதற்குக் காரணம் டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து. காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் மடிவீக்கத்திற்கும் மாட்டிற்குப் போடப்பட்ட ஊசி. மருந்தேற்றிய சில நாட்களுக்குள் அம்மாடு இறந்துவிட்டால், அதன் இறைச்சியில் மருந்து தங்கியிருக்கும்; உண்ட பாறு இரண்டொரு நாளில் மடியும்.

ஒரு மாட்டின் உடலில் ஒரு கூட்டமே உண்ணும் ஆதலால், நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சிருந்தாலே இவ்வினம் இவ்வேகத்தில் அழியும் என்று கணித்தனர் ஆய்வாளர்கள். இந்தியாவின் பல பகுதிகளில் எடுத்த மாதிரிகளிலோ பத்தில் ஒன்றில் அம்மருந்து இருந்தது. பாறு ஆண்டிற்கு ஒரே முட்டை இடுவது. குஞ்சு இனப்பெருக்கப் பருவம் எய்த ஐந்தாண்டு ஆகும். அத்தகைய இனம் இவ்விழப்பை எவ்வாறு ஈடுசெய்யும்?

தேர்க்காலும் கன்றும்

அன்பிற்குரியவர்களே! மனிதன் விலங்கினங்களை அழித்த வரலாறு நீண்டது. வானத்தை மறைக்கும் அளவிற்குப் பறந்த வட அமெரிக்காவின் பயணிப் புறாவைச் சுட்டுச் சுட்டே முடித்தான். கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் மாண்டது. இந்தியாவின் சிவிங்கிப்புலிகளுள் இறுதியாக அறியப்பட்டவை 1947இல் ஓர் அரசரின் துப்பாக்கிக்கு இரையாயின. 1952இல் அவ்வினம் இந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. இங்கெல்லாம் குற்றவாளியின் கையில் துப்பாக்கி இருந்தது.

பாறின் கதையில் துப்பாக்கி இல்லை. மாட்டின் வலியைப் போக்க வேண்டும் என்ற இரக்கம் இருந்தது. உழவர் பாறைக் கொல்ல எண்ணவில்லை. கால்நடை மருத்துவரும் எண்ணவில்லை. மருந்து செய்தவரும் எண்ணவில்லை. ஒருவரும் எண்ணாமலே ஓரினம் அழிந்தது. அப்படியானால் பொறுப்பு யாருடையது? 'தெரியாமல் நடந்தது, யாரைக் குறை சொல்வது?' என்று கேட்டுவிட்டு நாம் எழுந்து போய்விடலாமா?

இக்கேள்விக்குத் தமிழ் இலக்கியம் முன்னரே விடை தந்திருக்கின்றது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி நினைவூட்டுவதும், பெரியபுராணத்தில் சேக்கிழார் விரித்துரைப்பதுமாகிய மனுநீதிச் சோழன் வரலாறு அது. கதையை நீங்கள் அறிவீர்கள். அதில் நாம் கவனியாது விட்ட ஓரிடத்தை மட்டும் சுட்டுகின்றேன். திருவாரூர் வீதியில் அரசிளங்குமரன் கன்றைக் கொல்ல நினைக்கவில்லை. துள்ளி வந்த கன்று தானே தேர்க்காலிடைப் புகுந்தது. அவன் கண்டதும் நடுங்கினான், கலங்கினான். இன்றைய வழக்குமன்றத்தில் அது விபத்து எனப்படும். அமைச்சர்களும் அதையே சொன்னார்கள். கழுவாய் செய்து முடித்துவிடலாம் என்று வழியும் காட்டினார்கள். மன்னன் அவ்வழியை ஏற்கவில்லை. கன்றை இழந்த பசுவின் துயரை அச்சடங்கு மாற்றுமா என்பதே அவன் கேள்வி.

நினைத்துச் செய்தாயா என்று கேட்பது ஒரு நீதி. உன் தேர்க்காலில் யார் மாண்டார் என்று கேட்பது இன்னொரு நீதி. இரண்டாவதைத் தமிழ் மரபு மேலானதாக வைத்துப் போற்றியது. வீதி தேருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை, கன்றிற்கும் உரியது. வேகமாகச் செல்லும் வலிமை பெற்றவனுக்குப் பார்த்துச் செல்லும் கடமையும் உண்டு. இன்று மனிதகுலத்தின் தேர் எவ்வளவு பெரியது! மருந்து, பூச்சிக்கொல்லி, மின்கம்பி, நெடுஞ்சாலை, அணை, ஆலைப்புகை எல்லாம் அதன் சக்கரங்கள். 2019இல் வெளிவந்த பன்னாட்டு உயிர்ப்பன்மய அறிக்கை, ஏறத்தாழப் பத்து இலட்சம் விலங்கு, தாவர இனங்கள் அழிவை எதிர்நோக்கி நிற்கின்றன என்றது. கடந்த ஒரு கோடி ஆண்டுகளின் சராசரியைவிடப் பன்மடங்கு, பத்து முதல் நூற்றுக்கணக்கான மடங்கு வேகத்தில் இன்று இனங்கள் மறைகின்றன என்றது. அவற்றுள் மிகப்பல நாம் நினையாமலே நம் சக்கரத்தில் சிக்குபவை.

ஒரு வேறுபாடு உண்டு. திருவாரூர்ப் பசு கொம்பால் ஆராய்ச்சி மணியை அசைத்தது. பாறு எந்த மணியை அசைக்கும்? ஊர் ஒதுக்குப்புறத்தில், பனைமர உச்சியில், கழுத்துத் தொங்க அமர்ந்து, ஓசையின்றி விழுந்தது அது. கேட்பவர் இல்லாத முறையீட்டைக் கேட்க வைப்பவர்கள் எழுதுகோல் பிடித்தவர்கள் அல்லரோ?

அறிந்தபின் வரும் பொறுப்பு

2004 வரை நாம் அறியாதவர்கள். அதன்பின் அப்படிச் சொல்லிக்கொள்ள இயலாது. 2006இல் இந்திய அரசு டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்தும் கண்டறியப்பட்டிருந்தது. கதை அத்துடன் நன்றாக முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. மனிதர்க்கான டைக்ளோஃபினாக் தொடர்ந்து விற்கப்பட்டது. மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லிலிட்டர் போதும். ஆயினும் 30 மில்லிலிட்டர்க் குப்பிகள் கடைகளில் நிறைந்தன. அவ்வளவு மருந்து மாட்டிற்குத்தான் பொருந்தும் என்பது விற்றவர்க்கும் தெரியும், வாங்கியவர்க்கும் தெரியும். 2015இல்தான் பெரிய குப்பிகள் தடை செய்யப்பட்டன. அத்தடையை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் தடை செல்லும் என்றது. இதற்கிடையே வேறு பெயருள்ள மருந்துகள் அவ்விடத்தைப் பிடித்தன. அவற்றுள் அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபினாக்காகவே மாறுவது! அதற்கும் கீட்டோபுரோஃபெனுக்கும் 2023இல்தான் தடை வந்தது. நிமசுலைடு பின்னர் அப்பட்டியலில் சேர்ந்தது.

2004க்கும் 2023க்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள். இக்காலத்தில் விழுந்த பறவைகளைத் 'தெரியாமல்' என்னும் சொல்லால் மூட முடியாது. தேர் இரண்டாம் முறையும் அதே வீதியில், அதே வேகத்தில் சென்றது.

பாறு போனதால் மனிதனுக்கு என்ன இழப்பு என்று கேட்பவர்க்கும் விடை உண்டு. உண்ண ஆளில்லாத உடல்கள் நாறின, நீர்நிலைகள் கெட்டன, தெருநாய்கள் பெருகின, வெறிநோய் பரவிற்று. பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் ஏனையவற்றையும் ஒப்பிட்டு ஆய்ந்த ஏயல் பிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியலறிஞர் இருவர், 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் பாறுகளின் மறைவால் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாக இழக்கப்பட்டன என்று 2024இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டுள்ளனர். மும்பையில் இறந்தோரைப் பாறுகளுக்குப் படைக்கும் பார்சி மக்களின் பன்னூற்றாண்டு மரபு தடுமாறிற்று. நாம் பறவையைத்தான் இழந்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

என் வீட்டுப் பசு

பிறரைச் சுட்டிய விரலை என் பக்கம் திருப்பாமல் இவ்வுரையை முடிக்க இயலாது.

1997இல் எங்கள் வீட்டில் இலட்சுமி என்றொரு வயதான பசு இருந்தது. முன்னங்கால் வீங்கி எழ முடியாமல் கிடந்தது. அம்மா அழுதாள். ஊசி போட வந்தவரிடம், "சீக்கிரம் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு மருந்து போடுங்கள் ஐயா" என்று கெஞ்சியவள் நான்தான். அப்போது பதினேழு வயது. மறுநாள் இலட்சுமி எழுந்து நின்றது. வீடே மகிழ்ந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் இறந்துகிடந்தது. ஏரிக்கரைக்கு அப்பால் இழுத்துச்சென்று போட்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து அம்மாவின் முழங்கால் வலிக்கு மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையின் பெயரைப் படித்துக் காட்டினேன். "அட, இலட்சுமிக்குப் போட்ட மருந்துதானே இது" என்றாள் அம்மா. அது டைக்ளோஃபினாக். பாறுகளைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியபின் அவ்வொரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. ஏரிக்கரையில் கிடந்த அவ்வுடலருகே எந்தப் பறவை இறங்கிற்று என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் கைகூப்பிய அதே கைகள்தாம் இவை.

இதை ஒரு குற்ற உணர்ச்சியின் கண்ணீராகக் கொள்ள வேண்டா. இரக்கம் மட்டும் போதாது என்பதையே சொல்ல வருகின்றேன். பசுவின்மேல் எனக்கு இரக்கம் இருந்தது. பசுவிற்கு அப்பால் இருப்பதை அறியும் விருப்பம் இல்லை. அறிவில்லாத இரக்கம் ஒரு சாண் தொலைவிற்கே பார்வையுடையது.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இனி இவ்வவையில் உள்ள கவிஞர் பெருமக்களோடு சற்று உரிமையாகப் பேச விழைகின்றேன்.

நம் வட்டத்தின் தொடக்க ஆண்டில் நான் படித்த ஒரு கவிதை உங்களுள் சிலருக்கு நினைவிருக்கலாம். வரதட்சணை கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பிணந்தின்னிக் கழுகுகள் என்று அதில் சாடியிருந்தேன். நல்ல கைதட்டல். அதன்பின் இவ்வரங்கில் கந்துவட்டிக்காரர், ஊழல் செய்வோர், போர் வெறியர் எனப் பலரும் அதே பறவையாக வந்துபோனதைக் கேட்டிருக்கின்றேன். இன்று என் உவமையை நான் திரும்பப் பெறுகின்றேன். பாறு எவரையும் கொல்வதில்லை. உயிருள்ளதைத் துன்புறுத்துவதில்லை. மாண்டதை மட்டும் உண்டு, நோய் பரவாமல் காக்கின்றது. மாப்பிள்ளை வீட்டாரை அதனோடு ஒப்பிட்டது பாறுக்கு நான் செய்த அவமதிப்பு.

உவமையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிந்தித்துப் பாருங்கள். தூய்மை செய்பவரை இழிவாக நோக்கும் பழக்கம் நம் சமூகத்தில் ஆழ வேரூன்றியது. தெருவைத் தூய்மை செய்த மனிதர்க்கு நாம் சூட்டிய இழிவையே வானிலிருந்து வந்து தூய்மை செய்த பறவைக்கும் சூட்டினோம். மயில் இவ்வாறு மடிந்திருந்தால் நாடே கொதித்தெழுந்திருக்கும். மொட்டைக் கழுத்துடைய, பிணம் தின்னும் பறவைக்காக எவர் அழுவார்? பேகனின் போர்வை அழகிய மயிலுக்குக் கிடைத்தது. பாறுக்குப் போர்வை தர ஒரு வள்ளல் இனித்தான் பிறக்க வேண்டும். ஓர் உயிர் மறைவதைக் கண்டும் ஊர் வாளாவிருக்கும்படி நம் சொற்கள் பழக்கிவைத்திருந்தன. மருந்துக் குப்பியில் எங்களுக்குப் பங்கில்லை என்று கவிஞர்கள் சொல்லலாம். ஊரின் பாராமுகத்தில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

ஆதலின் என் விண்ணப்பங்கள் சிறியவை. பாடும் உயிரை ஒருமுறையேனும் கண்டு, அதன் பெயரை அறிந்து பாடுங்கள். ஆடுமாடு வளர்க்கும் உறவினர் உங்களுக்கு இருப்பின், ஊசி போடுமுன் மருந்தின் பெயரைக் கேட்கவும், மெலாக்சிகம் உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் வினவவும் சொல்லுங்கள். அந்த ஒரு வினா பத்துக் கவிதைகளுக்குச் சமம் என்று ஓர் இலக்கிய மேடையில் சொல்வதற்காக என்னைப் பொறுத்தருள்க.

மோயாற்றின்மேல் ஒரு நிழல்

இருளை மட்டும் காட்டிவிட்டு அமர்வது முறையன்று. முதுமலைக்கும் சத்தியமங்கலத்திற்கும் இடையே ஓடும் மோயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோரத்து நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் மூன்றிலும் சேர்த்துச் சில நூறு பாறுகள் உள்ளதாகக் கணக்கெடுப்புகள் கூறுகின்றன. அருளகம் முதலிய அமைப்பினரும் வனத்துறையினரும் ஊர் ஊராகச் சென்று உழவரிடமும் மருந்துக் கடைகளிலும் பேசி வருகின்றனர். அரியானாவின் பிஞ்சோரில் 2001இல் தொடங்கப்பெற்ற பாறு காப்பகத்தில் குஞ்சுகள் பொரிக்கின்றன. அதற்குச் சடாயு என்றே பெயரிட்டுள்ளனர்.

சென்ற ஆண்டு மாணவியருடன் மோயாற்றுப் பக்கம் சென்றிருந்தேன். 'எந்த வகைப் பறவை' என்று முன்னர்க் கேட்ட மாணவி இப்போது என்னிடம் ஆய்வு மேற்கொண்டிருப்பவள். அவளும் உடன் வந்தாள். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மலைமுகட்டிற்கு மேலே, சிறகசைக்காமல், அகன்ற வட்டமாக ஒன்று சுழன்றது. திரும்பியபோது முதுகின் வெண்மை வெயிலில் தெரிந்தது. "அம்மா, இதுதானா?" என்றாள். ஆம் என்றேன். வேறொன்றும் பேசத் தோன்றவில்லை.

இப்பருவத்தில் அதே பாடலை மீண்டும் நடத்தினேன். கரும்பலகையில் இவ்வாறு எழுதினேன்: 'பாறு: மாண்ட உடலை உண்டு ஊரைத் தூய்மை செய்யும் பெரும்பறவை. மாட்டிற்குப் போட்ட வலிமருந்தால் பேரளவில் அழிந்தது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் வாழ்கின்றது.' அருஞ்சொற்பொருள் சற்று நீண்டுவிட்டது. ஆயினும் மூன்றாவது வாக்கியம் பொய்யாகாதிருக்க வேண்டும் என்ற கவலை அப்பாடலைப் படிக்கும் மாணவர்க்கு உண்டாகுமாயின், அதுவே நான் எழுதிய உரைகளுள் சிறந்த உரை என்பேன்.

நம் வட்டம் இருபதாம் ஆண்டு விழாவைக் காணும் நாளிலும் அவ்வாக்கியத்தை மாற்ற வேண்டிய நிலை வாராதிருக்கட்டும். அதற்கான மணி நம் கைகளில் இருக்கின்றது.